மனையிற் பெற்ற பேறு

'பேறு' என்னும் சொல்லை மாணவர்க்குக் கற்பிக்கும்போதெல்லாம் நான் சற்றே நின்றுவிடுவதுண்டு. 'பெறு' என்னும் பகுதியடியாகப் பிறந்த இச்சொல் கிடைத்தற்கரிய நலனையும் குறிக்கும். மகவு ஈனுதலையும் குறிக்கும். கல்விப்பேறு என்பதிலும் மகப்பேறு என்பதிலும் நிற்பது ஒரே சொல்தான். வரம் ஒன்றை அடைந்தவரையும் 'பெற்றவர்' என்கிறோம். நம்மை ஈன்றவரையும் 'பெற்றவர்' என்கிறோம். நோவின் உச்சியில் நிகழும் ஒரு செயலுக்கு இத்தகைய நற்பெயரைச் சூட்டியவர் அச்செயலை அருகிருந்து அறிந்தவராகவே இருத்தல் வேண்டும். அவர் ஆடவரா, பெண்டிரா என்று எவரேனும் வினவினால், பெண்டிரே என்று விடைகூற எனக்குத் தயக்கமில்லை.

நம் புலவர்கள் பிள்ளைத்தமிழ் பாடும்போது காப்புப் பருவத்தில் தொடங்குவர். அது குழந்தையின் மூன்றாந் திங்களுக்குரியது என்பது மரபு. அதற்கு முந்திய நாள்களும், அந்நாள்களுக்கு முதலாகிய அந்த ஓரிரவும், அந்த அறையும் இலக்கியத்தில் மிக அருகியே காணப்படும். அவ்வறையின் செய்தி ஏட்டில் ஏறவில்லை. பாட்டிமார் வாயிலேயே தங்கிவிட்டது. அவ்வாறு தங்கியதில் ஒரு சிறு பகுதியை, அது முற்றும் அழிந்தொழியுமுன், எழுதி வைத்தல் வேண்டும் என்னும் எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

எண்ணத்தை எழுப்பியவள் என் மகள். அவள் தலைப்பிள்ளைப் பேற்றுக்காகத் தாய்வீடு வந்திருந்தாள். ஒருநாள் மாலை என் அன்னையார் முற்றத்தில் அமர்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அவரருகிற் சென்றமர்ந்த மகள், "அம்மம்மா, நீங்கள் மூன்று பிள்ளைகளை இந்த வீட்டிலேயே பெற்றீர்கள்தானே? நானும் இங்கேயே பெறக்கூடாதா?" என்று கேட்டாள். அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. வைத்தியசாலையின் பேற்றுக்கூடத்தைப் பற்றித் தோழியர் கூறிய செய்திகள் அவளை அச்சுறுத்தியிருந்தன. அங்கே தனியே கிடக்க நேருமே என்பதே அவ்வச்சம். அது பொய்யான அச்சமன்று என்பதை நான் அறிவேன். ஆயினும் அவள் கேட்டதற்கு 'ஆம்' என்று சொல்ல என் நாவு எழவில்லை.

அன்னையார் சுளகைக் கீழே வைத்தார். "முதலிலே கதை முழுவதையும் கேள், பிள்ளை. பிறகு நீயே முடிவு சொல்லு" என்றார்.

மழைக்காலத்து இரவு

புத்தளம் மாவட்டத்துக் கரையை அறியாதார்க்கு எங்கள் ஊரின் இருப்பைச் சற்றே கூறுதல் வேண்டும். சிலாபத்திலிருந்து புத்தளத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் இடையே முந்தல் களப்பு நீண்டு கிடக்கின்றது. ஒல்லாந்தர் வெட்டுவித்த கால்வாய் அதனோடு தொடர்புற்றுள்ளது. களப்புக்கும் பெருங்கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணற்றிடல். திரௌபதையம்மன் கோயிலாலும் தீமிதிப்பு விழாவாலும் பெயர்பெற்ற உடப்பு இத்திடலிலுள்ளது. அதற்கு அணித்தான ஒரு சிற்றூர் எங்களுடையது. கரைவலைத் தொழிலே வாழ்வு. வலையிழுப்போர் ஒருமித்துப் பாடும் அம்பாப் பாட்டே எங்கள் காலைப் பள்ளியெழுச்சி. மாரிக்காலத்தில் நீர் பெருகினால், அந்நாளில் ஊருக்குள் வரும் வழியும் ஊரைவிட்டுப் போகும் வழியும் ஒருங்கே அற்றுவிடும்.

1969ஆம் ஆண்டு கார்த்திகைத் திங்களில் அத்தகையதோர் இரவிலேதான் என் அன்னையார்க்கு முதல் நோவு கண்டது. வயிற்றிலிருந்தது நான்.

ஊரில் ஒரு முதியவர் இருந்தார். தாயிடமிருந்து மகளுக்கு வழிவழி வந்த கைப்பழக்கமே அவருடைய கல்வி. அவரை எல்லோரும் 'மருத்துவிச்சி ஆச்சி' என்பர். களப்புக்கு அப்பால் அரசினரால் நியமிக்கப்பெற்ற மருத்துவமாது ஒருவர் இருந்தார். அவர் சிலாபத்துக்குத் தெற்கேயுள்ள ஒரு சிங்களக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையுள்ள கரையில் சிங்களமும் தமிழும் ஒருங்கே பேசும் மீனவக் குடிகள் பல என்பது பலரும் அறிந்ததே. அவரும் அத்தகைய இருமொழிக்காரர். எங்கள் பெண்கள் அவரை 'நோனா' என்றழைப்பர்.

மாலையிலேயே ஆச்சி வந்துவிட்டார். வந்தவர் முதலிற் செய்த வேலை ஒன்றுமில்லை. சும்மா இருந்தாராம். வெற்றிலை மடித்தார், பழங்கதை பேசினார், அன்னையாரைப் படுக்கவிடாது, உள்ளும் புறமுமாக நடக்கச் சொன்னார். நோவு வரும்போது இடுப்பை நல்லெண்ணெய் தொட்டு நீவினார். நோவு போனபோது கஞ்சி பருகக் கொடுத்தார். உத்தரத்திலிருந்து தடித்த கயிறொன்று தொங்கவிடப்பட்டிருந்தது. அது கரைவலைக் கயிற்றின் துண்டு. "கடலிலே வலை பாரித்துக் கிடக்கிறது என்று நினைத்துக்கொள். அலை வரும்போது இழு, அலை போனபின் இளைப்பாறு" என்றாராம் ஆச்சி. பேற்று நோவு அலையலையாக வருவது என்பதையும், இடைவெளியில் உடலைத் தளர்த்தல் வேண்டும் என்பதையும் இதனினும் தெளிவாக எந்தப் பாடநூல் எங்கள் ஊர்ப் பெண்ணுக்குச் சொல்லியிருக்கும்?

நள்ளிரவில் நோனா வந்தார். என் தந்தையார் வள்ளத்திற் சென்று, மழையில் நனைந்தபடியே அவரை அழைத்துவந்தார். அரிக்கன் இலாம்பின் ஒளியில் அவர் தம் பையைத் திறந்து, கத்தரிக்கோலையும் நூலையும் கொதிநீரில் இட்டார். குழல் ஒன்றை வயிற்றில் வைத்துக் குழந்தையின் நெஞ்சத்துடிப்பைக் கேட்டார். கைகளைச் சவர்க்காரமிட்டு முழங்கை வரையிற் கழுவினார். பின்னர், "ஆச்சி, நீங்கள் முன்னே இருங்கள். நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்றாராம். பட்டயம் பெற்ற கல்வி, பட்டயமில்லாத பட்டறிவுக்கு இடங்கொடுத்த அந்த ஒரு சொல்லை அன்னையார் இன்றும் மறக்கவில்லை.

இருவர்க்கும் எல்லாவற்றிலும் உடன்பாடு இருந்தது என்று எண்ணவேண்டா. கொப்பூழ்க்கொடியின் துடிப்பு அடங்கும்வரை அறுக்கலாகாது என்றார் ஆச்சி. நோனா அதற்கு இசைந்து காத்திருந்தார். அறுத்த இடத்தில் சாம்பல் அப்பவேண்டும் என்றார் ஆச்சி. நோனா அதற்கு இசையவில்லை. முதற்பாலைப் பீச்சி எறிந்துவிட்டுத் தேன் தொட்டு வைக்கவேண்டும் என்றார் ஆச்சி. "அந்தப் பால்தான் மருந்து" என்று கூறி நோனா குழந்தையை உடனே முலையில் அணைத்தார். குழந்தையைத் துணியிற் சுற்றித் தனியே கிடத்தாமல் தாயின் மார்பின்மேல் வெற்றுடம்பாகவே வைத்தனர். பாட்டியார் தலைமாட்டில் அமர்ந்து மகளின் தலையைத் தம் மடிமேல் தாங்கியிருந்தார். பொழுது புலரும்வேளையில் மழை விட்டது.

"வலி எப்படியிருந்தது, அம்மம்மா?" என்றாள் என் மகள்.

"வலி இருந்தது என்று தெரியும். எப்படியிருந்தது என்று நினைவில்லை. அம்மாவின் மடி நினைவிருக்கிறது" என்றார் அன்னையார்.

1972இல் என் தம்பியும், 1975இல் என் தங்கையும் அதே அறையிற் பிறந்தனர். தங்கை பிறந்தபோது எனக்கு ஆறு வயது. அயல்வீட்டில் உறங்க வைக்கப்பட்ட நான் விடியற்காலையில் எழுந்தபோது, வேலிக்கப்பாலிருந்து அம்பாப் பாட்டோடு கலந்து ஒரு புதிய அழுகுரல் கேட்டது. அன்று முதல் பிறப்பு என்பது அச்சத்துக்குரியது என்னும் எண்ணம் எனக்கு உண்டானதேயில்லை. வீட்டிற் பிறந்த குழந்தை தமக்கையர்க்கும் தமையன்மார்க்கும் அளிக்கும் நன்மைகளுள் இதுவும் ஒன்றென்பேன்.

பேற்றின் அணிமையைக் குறிக்கத் தமிழில் 'புனிறு' என்றொரு பழஞ்சொல் உண்டு. தொல்காப்பியர் உரியியலிலே அதற்குப் பொருள் கூறுகின்றார். பசுவுக்கும் பெண்ணுக்கும் பொதுவான இச்சொல், ஈன்ற உடலின் மென்மையையும் காக்கப்படவேண்டிய நிலையையும் உணர்த்துவது. அன்னையார் 31 நாள் துடக்குக் காத்தார். அடுப்படிக்குச் செல்லவில்லை, கிணற்றில் நீரள்ளவில்லை. சரக்கரைத்த கறியும் வெந்நீர்க் குளியலுமாகப் பாட்டியார் அவரைப் பேணினார். தீட்டு என்று விலக்கியதிலுள்ள இழிவை நான் ஒப்புக்கொள்ளேன். ஆனால் ஓயாது உழைத்த ஒரு மீனவப் பெண்ணுக்கு ஆண்டாண்டாகக் கிட்டாத ஓய்வு அந்த 31 நாளிலே கிட்டியது என்பதையும் மறுக்கேன்.

மறுபக்கம்

இவ்வளவும் கேட்ட என் மகளின் முகம் மலர்ந்தது. "பார்த்தீர்களா, அம்மா!" என்று என்னை நோக்கினாள். அன்னையார் கையமர்த்தினார். "கதை இன்னும் முடியவில்லை, பிள்ளை" என்றார்.

என் பாட்டியார் பெற்றது ஒன்பது, பிழைத்தது ஐந்து. அவருடைய தலைப்பிள்ளை 1935இல், மலேரியாக் காய்ச்சல் எங்கள் நாட்டை வாட்டிய காலத்தில், குறைமாதத்திற் பிறந்து இறந்தது. 1934–35 ஆகிய அவ்விரு ஆண்டுகளில் அக்கொள்ளைநோயால் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். தெதுறு ஓயாவும் மகா ஓயாவும் பாயும் நிலப்பகுதிகள் மிகுதியாகத் துன்புற்றன. தெதுறு ஓயா கடலிற் கலக்குமிடம் சிலாபத்துக்கு அருகே என்றால், எங்கள் கரை பட்ட பாட்டை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பாட்டியாரின் தங்கை 1940களில் பிள்ளை பெற்ற மறுநாள் உதிரப்போக்கால் இறந்தார். அவரும் வீட்டிலேதான் பெற்றார். அவர் அருகிலும் அன்பான கைகள் இருந்தன. அன்பினால் உதிரத்தை நிறுத்த இயலவில்லை.

இதுவே நாட்டின் நிலையாகவும் இருந்தது. 1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1950களின் தொடக்கத்தில் அத்தொகை 500 அளவுக்கு இறங்கியது. இக்காலத்தில் அது 30 அளவில் உள்ளது. இவ்வீழ்ச்சியை உலகத்தார் வியந்து பேசுகின்றனர். செல்வம் பெருகியதால் நிகழ்ந்ததன்று இது. நாடு வறிதாயிருந்த காலத்திலேயே நிகழத் தொடங்கியது.

அஃது எவ்வாறு நிகழ்ந்தது? 1879இல் கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை திறக்கப்பெற்றது. அது மருத்துவமாதரைப் பயிற்றுங் களமாகவும் விளங்கியது. அதற்கும் முன்னரே யாழ்ப்பாணத்து மானிப்பாயில், அமெரிக்க மிஷன் வைத்தியராகிய சாமுவேல் கிறீன் 1857இல் பிரசவ வைத்திய நூலொன்றைத் தமிழாக்கி அச்சேற்றினார். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முனைந்த அப்பெரியாரைத் தமிழ்மாணவர் மறத்தலாகாது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி அமைக்கப்பெற்றது. மருத்துவமாது தம் நிலையத்தில் வீற்றிருந்து வருவோரைப் பார்ப்பதோடு அமையாமல், வீடுவீடாகச் சென்று சூலுற்ற பெண்களைத் தேடிப் பதிவுசெய்யும் முறை அதிலிருந்து நாடெங்கும் பரவியது. மலேரியா ஒடுங்கியது, பெண்கல்வி பரவியது, இலவச வைத்தியசாலைகள் பெருகின, குருதியேற்றும் வசதியும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் வந்தன. 1969இல் சூலுற்ற பெண்களுக்கு ஏற்புவலித் தடுப்பூசி ஏற்றத் தொடங்கினர். ஆச்சி அப்ப விரும்பிய சாம்பலின் வழியாகப் பச்சைக்குழந்தையைக் கொல்லக்கூடிய நோய் அந்த ஏற்புவலியே. நான் பிறந்ததும் அதே 1969இல் என்பதை நினைக்கும்போது என் உடல் சிலிர்க்கின்றது.

ஆகவே, என் அன்னையாரின் இனிய இரவுக்குக் காரணம் வீடு மட்டுமன்று. வீட்டுக்கு வந்த நோனாவும், நோனாவை அனுப்பிய ஒரு நாட்டின் ஏற்பாடும் அதற்குக் காரணம். பாட்டியாரின் தங்கைக்கும் என் அன்னையாருக்கும் இடையே கிடந்த வேறுபாடு கொதிக்க வைத்த ஒரு கத்தரிக்கோலிலும், கழுவிய இரு கைகளிலும், 'இனி என்னால் ஆகாது' என்று உரியவேளையிற் சொல்லத் தெரிந்த ஓர் அறிவிலும் அடங்கியிருந்தது.

அவ்வறிவை 1979இல் கண்ணாரக் கண்டேன். எனக்கு அப்போது பத்து வயது. அன்னையார் நான்காவது முறை நிறைசூலியாக இருந்தார். "மூன்றையும் வீட்டில் பெற்றேன்; இதையும் பெறுவேன்" என்று அவர் துணிந்திருந்தார். நோவு தொடங்கியதும் வந்த நோனா வயிற்றின்மேல் கைவைத்துப் பார்த்தார். வழக்கமாகச் சிரித்த முகம் சிரிக்கவில்லை. மறுபடியும் பார்த்தார். "ஆச்சி, நீங்களும் பாருங்கள்" என்றார். ஆச்சியும் தொட்டார். குழந்தை குறுக்கே கிடந்தது. இருவரும் ஒருவரையொருவர் நோக்கினர். ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. கரையிலே மீன் ஏற்றிக்கொண்டு நின்ற லொறியை நோனா நிறுத்துவித்தார். பனிக்கட்டிப் பெட்டிகளை இறக்கி, அவ்விடத்திற் பாய் விரித்து, அன்னையாரைக் கிடத்திச் சிலாபத்துக்குக் கொண்டுசென்றனர். நோனா வழிநெடுக அவர் கையை விடவில்லை. சத்திரசிகிச்சை நிகழ்ந்தது. என் கடைசித் தம்பி பிழைத்தான், அன்னையாரும் பிழைத்தார்.

"அன்றைக்கு நோனா தன் பெருமையை நினைத்திருந்தால் நான் இல்லை. அவள் என்னை நினைத்தாள்" என்றார் அன்னையார். என் மகள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

மனை என்பது எது?

வீடிழந்தோர் எங்கே பெறுவர்? 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடபுலத்து முஸ்லிம் மக்கள் தம் ஊர்களினின்று வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்தை வந்தடைந்தனர். மன்னார்ப் பகுதியினர் பலர் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். புத்தளத்து மக்கள் தம் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் அவர்களுக்குத் திறந்துவிட்டனர். பின்னாளில் என்னிடம் தமிழ் கற்ற மாணவி ஒருத்தியின் தாயார் அப்போது நிறைசூலியாக வந்தவர். முன்பின் அறியாத ஒரு குடும்பத்தார் தம் ஒரே அறையை அவருக்கு ஒழித்துக்கொடுத்தனர். அவ்வீட்டு மூதாட்டி தலைமாட்டில் இருந்து ஓதிக்கொண்டிருந்தார். மருத்துவமாது வந்து பேறு பார்த்தார். பிறந்த குழந்தையின் காதில் பாங்கு சொன்னவர் அவ்வீட்டுத் தலைவர். "ஊரும் போய், வீடும் போய் வந்தவள் நான். ஆனால் பிள்ளையை அந்நிய இடத்தில் பெற்றேன் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை" என்று அத்தாயார் என்னிடம் சொன்னதுண்டு.

அவர் சொல்லைக் கேட்டபின்னர் 'மனை' என்பதற்கு நிலமும் சுவரும் பொருளல்ல என்பது எனக்குத் தெளிவாயிற்று. 'மனைவி' என்னும் சொல் அதனடியாகவே பிறந்தது. உரியவர் உடனிருக்கும் இடமே மனை.

அவ்வாறாயின், உரியவர் இல்லாத இடம் எத்துணைத் தூய்மையாயினும் மனையாகாது. இதற்கு நானே சான்று. 1997இல் என் மகளை ஒரு வைத்தியசாலையிற் பெற்றேன். குறையொன்றும் நேரவில்லை, என்னைக் காத்தவர்களுக்கு நான் கடமைப்பட்டவள். ஆனால் பதினான்கு மணிநேரம் என் பெயரை எவரும் சொல்லவில்லை. கட்டிலின் எண்ணே என் பெயராயிற்று. நடக்க விரும்பினேன்; படுத்திரு என்றனர். வாயிற்கதவுக்கு அப்பால் என் அன்னையார் கஞ்சிப் பாத்திரத்தோடு நின்றார், கதவு திறக்கவில்லை. நோவின் நடுவே நான் தேடியது மருந்தையன்று, மடியை. அன்னையார் மறந்துவிட்ட வலியை நான் இன்றும் மறக்கவில்லை என்பதே எங்கள் இருவர் பேற்றுக்குமுள்ள வேறுபாடு.

திருச்சிராப்பள்ளி மலையில் உறையும் இறைவனுக்குத் தாயுமானவர் என்னும் திருப்பெயர் வந்த வரலாற்றை அன்பர்கள் அறிவார்கள். இரத்தினாவதி என்னும் செட்டிகுலப் பெண்ணுக்கு நோவு கண்டது. அவளுக்குத் துணையாக வந்துகொண்டிருந்த தாய், காவிரியிற் பெருகிய வெள்ளத்தால் அக்கரையிலேயே தங்கிவிட்டாள். இறைவனே அத்தாயின் வடிவில் வந்து பேறு பார்த்தான் என்பது வரலாறு. இதைச் சிறுமியர்க்குச் சொல்லும்போது ஒன்றைச் சுட்டிக்காட்டுவேன். எல்லாம் வல்லவன், நோவே இல்லாமற் செய்திருக்கலாம், வெள்ளத்தை வடியச் செய்திருக்கலாம், மருத்துவனாகத் தோன்றியிருக்கலாம். அவன் தாயாகவே வந்தான். அவ்வேளையில் ஒரு பெண்ணுக்கு எது தேவை என்பதைக் கதை கட்டிய நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

இன்று உலகமும் அதனை அறிந்து ஒப்புக்கொள்கின்றது. 2018இல் உலக சுகாதார தாபனம் பேற்றுக்காலப் பராமரிப்புப் பற்றிய 56 பரிந்துரைகளை வெளியிட்டது. தாயும் சேயும் உயிரோடிருத்தல் மட்டும் போதாது. பேறு ஒரு நல்ல அனுபவமாகவும் அமைதல் வேண்டும் என்பதே அதன் அடிக்கருத்து. பெண் தான் விரும்பும் துணையொருவரை உடன் வைத்திருத்தல், மதிப்போடு நடத்தப்பெறுதல், இடரில்லாதவள் நோவின்போது எழுந்து நடமாடுதல், உண்ணவும் பருகவும் இசைவளித்தல், கொப்பூழ்க்கொடியை உடனே இறுக்காமல் குறைந்தது ஒரு நிமிடமேனும் காத்திருத்தல், குழந்தையை முதல் மணிநேரத்தில் தாயின் மேனியோடு அணைத்துவைத்தல் ஆகியன அவற்றுட் சில. இவற்றை வாசித்தபோது, எங்கள் மருத்துவிச்சி ஆச்சியின் வெற்றிலைச் சிவப்பேறிய வாய் என் கண்முன் தோன்றியது. எழுத்தறியாத அவர் செய்தவற்றுட் பல இதோ எழுத்திலேறியுள்ளன. அவர் செய்ய விரும்பிய சாம்பலும் தேனும் விலக்கப்பட்டும் உள்ளன. பழையன எல்லாம் நன்றுமன்று, தீதுமன்று. ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து கொள்ளுதலே அறிவுடைமை.

வீட்டுப்பேறு உலகிலிருந்து மறைந்துவிடவில்லை என்பதையும் இங்கே கூறவேண்டும். நெதர்லாந்தில் குறிப்பிடத்தக்க அளவான பெண்கள் இன்றும் மருத்துவமாதர் துணையோடு வீட்டிலேயே பெறுகின்றனர். இங்கிலாந்தில் 2014இல் வெளியான அரச மருத்துவ வழிகாட்டி, முன்னரே பிள்ளை பெற்ற, இடர்க்குறி ஏதுமில்லாத பெண்ணுக்கு வீடும் ஏற்ற இடமே என்கின்றது. ஆனால் தலைப்பிள்ளையாயின் வீட்டிற் பெறுவதால் குழந்தைக்கு நேரும் இடர் சற்றே மிகும் என்பதையும் அது மறைக்கவில்லை. அங்கே பயிற்சிபெற்ற மருத்துவமாது வீட்டுக்கு வருவார். வேண்டியபோது ஊர்தி விரைந்து வரும். நம் நாட்டில் இன்று ஏறக்குறைய எல்லாப் பேறுகளும் வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. மருத்துவமாது இன்றும் வீட்டுக்கு வருகிறார். பேற்றுக்கு முன்னும் பின்னும் வந்து தாயையும் சேயையும் பார்க்கிறார். ஆனால் வீட்டில் பேறு பார்க்கும் ஏற்பாடு வழக்கொழிந்துவிட்டது. ஏற்பாடு இல்லாத இடத்தில் வீட்டுப்பேற்றை நாடுவது, நோனா இல்லாத ஆச்சியின் காலத்துக்குத் திரும்புவதாகும்.

இதையெல்லாம் நான் மகளிடம் விளக்கத் தேவையிருக்கவில்லை. மறுநாட் காலையில் அவளே, "வைத்தியசாலைக்கே போகிறேன், அம்மா. ஆனால் நீங்கள் உள்ளே வரவேண்டும்" என்றாள்.

திறந்த கதவு

பேற்றின்போது பெண்துணை ஒருவர் உடனிருக்கலாம் என்பதை நம் சுகாதாரத் துறையினரும் கொள்கையளவில் ஏற்றுள்ளனர். ஆயினும் கட்டில்கள் நெருக்கமாயுள்ள இடங்களில், மறைப்புத் திரைக்கும் வழியின்றி, அக்கொள்கை ஏட்டளவில் நின்றுவிடுவதும் உண்டு. ஆதலால் நான் முன்னதாகவே சென்று கேட்டேன். கேட்டதற்குக் கடிந்துரை கிடைக்குமோ என்று அஞ்சினேன். அங்கிருந்த தாதியொருவர், "நீங்கள் பயப்படாமல் இருப்பீர்கள் என்றால் வாருங்கள்" என்றார்.

நான் உள்ளே சென்றேன். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. இடுப்பை நீவினேன்; நீர் பருகக் கொடுத்தேன்; அவள் பெயரை அடிக்கடி சொன்னேன். நோவு உரத்தபோது, "அலை வருகிறது, இழு, அலை போய்விட்டது, இளைப்பாறு" என்றேன். அருகில் நின்ற இளைய மருத்துவமாது சிரித்து, "இது நல்ல சொல்லாக இருக்கிறதே, நானும் சொல்லலாமா?" என்று கேட்டார். எழுத்தறியாத ஒரு மூதாட்டி மழையிரவொன்றிற் சொன்ன சொல், ஐம்பத்தைந்து ஆண்டுகள் கடந்து, மின்னொளி வீசும் ஒரு கூடத்தினுள் இவ்வாறு நுழைந்தது.

பெண்மகவு பிறந்தது. மூன்றாம் நாள் வீடு திரும்பினோம். அன்னையார் பாயில் அமர்ந்து குழந்தையை மடியில் வாங்கினார். கொப்பூழை விலக்கிப் பார்த்தார். அது காய்ந்து தூய்மையாக இருந்தது. "சாம்பல் இல்லை, நல்லது" என்றார். பின்னர் என் மகளை நோக்கி, "உள்ளே யார் இருந்தது?" என்று கேட்டார். "அம்மா இருந்தார்" என்றாள் அவள். அன்னையார் வேறொன்றும் கேட்கவில்லை. சரக்கரைக்க அம்மியைக் கழுவும்படி எனக்குச் சொன்னார்.

மருத்துவிச்சி ஆச்சி என் இளமையிலேயே மறைந்தார். நோனா ஓய்வுபெற்றுத் தம் ஊரில் வாழ்ந்து, சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். களப்புக்கு இப்பாலிருந்து எங்கள் ஊரார் அந்த இறுதிச்சடங்குக்குச் சென்றனர். இந்துக்கள், முஸ்லிம்கள், கத்தோலிக்கர், பௌத்தர் எனப் பலரும் முற்றத்தில் நின்றனர். அங்கு நின்றவருட் பெரும்பாலோர் உறவினர் அல்லர். நோனாவின் கையிற் பிறந்தவர்கள். நானும் அவர்களுள் ஒருத்தி.

இத்தகையோர் இக்கரையின் ஒவ்வோர் ஊரிலும் இருந்தனர். அவர்கள் கையிற் பெற்ற தாய்மார் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டனர். ஆசிரியர்களும் மாணவர்களும் அவர்களிடஞ் சென்று, அவர்கள் வழங்கும் சொற்களையும், செய்த முறைகளையும், பிழைத்த கதைகளோடு பிழையாத கதைகளையும் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். இழந்ததை எழுதாமல் பெற்றதை மட்டும் எழுதினால் அது வெறும் புகழ்ச்சியாகும். பெற்றதை எழுதாமல் இழந்ததை மட்டும் எழுதினால் அந்தக் கைகளுக்கு நாம் நன்றி மறந்தவராவோம். வைத்தியசாலைகளை நடத்துவோரோ, பேற்றுக்கூடத்தின் கதவருகே கஞ்சிப் பாத்திரத்தோடு ஒரு தாய் நிற்கக் கண்டால், அவளுக்கு ஓர் இருக்கையும் ஒரு திரையும் உள்ளே உண்டா என்று பார்ப்பார்களாக.